ஆங்கில வாக்கியத்தில் அரைப்புள்ளி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சென்ற மாதம் வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதம் ஒன்று திருத்தத்துக்காக என் மேசைக்கு வந்தது. எழுதியவர் வணிகவியல் பட்டதாரி, கணக்கு வேலையில் நல்ல அனுபவம் உள்ளவர். கடிதத்தின் நடுப்பத்தி இது. ஆங்கில எழுத்துக்கூட்டல் இங்கே நமக்கு முக்கியமில்லை, குறி விழும் இடம்தான் முக்கியம். அதனால் எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

"ஐ ஹாவ் கம்ப்ளீட்டட் பி.காம்.; ஃப்ரம் மதுரை; ஐ ஆம் ஒர்க்கிங் ஆஸ் அக்கவுன்டன்ட்; சின்ஸ் 2019; ஐ நோ டாலி, ஐ கேன் ஃபைல் ஜிஎஸ்டி ரிட்டர்ன்ஸ், ஹவெவர் ஐ வான்ட் டு லேர்ன் ஆடிட்டிங்; பிகாஸ் மை கோல் இஸ் டு பிகம் அன் ஆடிட்டர்."

ஐந்து அரைப்புள்ளிகள். அவற்றில் மூன்று பிழை. இரண்டு தற்செயலாகச் சரியான இடத்தில் விழுந்திருக்கின்றன. அரைப்புள்ளி உண்மையாகவே தேவைப்பட்ட இரண்டு இடங்களில் காற்புள்ளி நிற்கிறது. எவை எவை என்று இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இந்தக் கடிதத்துக்குத் திரும்புவோம்.

இப்படி எழுதுபவர்களிடம் நான் கேட்கும்போதெல்லாம் வரும் பதில் ஒன்றுதான்: "மூச்சு விடும் இடத்தில் போட்டேன்." அப்படி நினைப்பதற்கு நம் மொழியில் காரணம் இருக்கிறது. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று கால், அரை, முக்கால், முழுமை என அளந்து பெயர் வைத்திருக்கிறோம். கால் நிறுத்தம் போதாவிட்டால் அரை நிறுத்தம் என்று கை தானாகப் போகிறது. பழைய ஆங்கில இலக்கண நூல்களும் காற்புள்ளியைப் போல இரு மடங்கு நிறுத்தம் என்றே கற்றுக்கொடுத்தன. இன்றைய ஆங்கிலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பது இன்று கேள்வியே அல்ல. குறியின் இரு பக்கமும் என்ன நிற்கிறது என்பதுதான் கேள்வி.

எல்லா அறிகுறிகளுக்கும் முன்னால் ஒரு சோதனை

அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அதே இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். இடப்பக்கத்தை மட்டும் படியுங்கள். பிறகு வலப்பக்கத்தை மட்டும் படியுங்கள். இரண்டும் தனித்தனியே முழு வாக்கியமாக நின்றால், அதாவது இரண்டிலும் எழுவாயும் வினைமுற்றும் இருந்து, கேட்பவர் "அப்புறம்?" என்று காத்திருக்காமல் இருந்தால், அரைப்புள்ளிக்கு அங்கே இடம் உண்டு. ஒரு பக்கம் விழுந்தாலும் இடமில்லை. பட்டியல் மட்டும் இதற்கு விலக்கு. அதைத் தனியே பார்ப்போம்.

அறிகுறி: காற்புள்ளி போட்ட இடத்தையெல்லாம் ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார்

"தி பஸ் வாஸ் லேட், வி மிஸ்ட் தி ட்ரெயின்."

தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தில் நான் அதிகம் பார்க்கும் பிழை இது. கவனக்குறைவை இதற்குக் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வாக்கியம் கட்டப்படும் முறையே வேறு. "பஸ் தாமதமானதால் ரயிலைத் தவறவிட்டோம்" என்கிறோம். வினைமுற்று ஒன்றுதான், கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் வரும் வினைகளெல்லாம் எச்சமாகச் சுருங்கி, "ஆல்" என்றோ "உம்" என்றோ ஒரு சிறிய விகுதியில் தங்கள் உறவைச் சொல்லிவிடுகின்றன. மழை பெய்ததால் போகவில்லை, மழை பெய்தும் போனோம், மழை பெய்தால் போவோம். உறவு வினையின் வாலிலேயே இருக்கிறது. இரண்டு வினைமுற்றுகளை அப்படியே அடுக்கினாலும், "மழை பெய்தது, ஆறு நிரம்பியது" என்று காற்புள்ளியோடு விட்டால் தமிழில் யாரும் குறை சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் வினையின் வாலில் அந்த வசதி இல்லை. "வாஸ்" என்பது ஒரு வினைமுற்று, "மிஸ்ட்" என்பது இன்னொன்று. இரண்டு முழு வாக்கியங்களைத் தாங்கும் வலு காற்புள்ளிக்குக் கிடையாது. எனவே நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"தி பஸ் வாஸ் லேட். வி மிஸ்ட் தி ட்ரெயின்." இரண்டு செய்திகள், இரண்டு வாக்கியங்கள். உறவைப் படிப்பவரே ஊகிக்கட்டும் என்று விட்டாயிற்று.

"தி பஸ் வாஸ் லேட், ஸோ வி மிஸ்ட் தி ட்ரெயின்." "ஸோ" வந்து உறவைச் சொல்லிவிடுகிறது. அதனால் காற்புள்ளி போதும்.

"பிகாஸ் தி பஸ் வாஸ் லேட், வி மிஸ்ட் தி ட்ரெயின்." முதல் பாதி நம் எச்சம் போல மெலிந்து, இரண்டாவதைச் சார்ந்துவிட்டது. இங்கும் காற்புள்ளிதான்.

"தி பஸ் வாஸ் லேட்; வி மிஸ்ட் தி ட்ரெயின்." இரண்டும் சம எடை. நடுவில் இணைப்புச் சொல் இல்லை. இவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதை மட்டும் குறி சொல்கிறது. எப்படித் தொடுகின்றன என்பது படிப்பவருக்கு உடனே விளங்கிவிடுவதால் சொல்லத் தேவையில்லை.

நான்காவதுதான் அரைப்புள்ளியின் உண்மையான பணியிடம். உறவு இருக்க வேண்டும், அது வெளிப்படையாகவும் இருக்க வேண்டும், அதைச் சொல்லும் சொல் மிகையாகத் தோன்ற வேண்டும். இந்த மூன்றும் கூடினால் வேறு எந்தக் குறியும் அவ்வளவு பொருந்தாது. "ஸோ", "பிகாஸ்" என்று வரிக்கு வரி விளக்கிக்கொண்டே போகும் கடிதத்தில் இப்படி ஓர் அரைப்புள்ளி வந்தால், எழுதியவர் படிப்பவரின் அறிவை மதிக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு விலக்கு. மிகச் சிறிய, ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்களைக் காற்புள்ளியால் அடுக்கலாம். ஜூலியஸ் சீசரின் புகழ்பெற்ற கூற்றை ஆங்கிலத்தில் "ஐ கேம், ஐ சா, ஐ கான்கர்ட்" என்று அச்சிடுவது வழக்கம். அது பிழையல்ல.

அறிகுறி: "ஹவெவர்" வந்தால் எந்தக் குறி என்று கை தயங்குகிறது

ஆனால், எனவே, ஏனெனில் ஆகிய மூன்றும் நமக்கு ஒரே குடும்பம். மூன்றாலும் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவோம். ஆங்கிலத்தில் அவை மூன்று வெவ்வேறு வீடுகள். இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிப் பிழைகள் போய்விடும்.

முதல் வீட்டில் ஏழு பேர்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. இவை இரண்டு வாக்கியங்களைத் தாங்களே இணைக்கும். முன்னால் காற்புள்ளி போதும். "வி வென்ட் டு தி ஷாப், பட் இட் வாஸ் குளோஸ்ட்."

இரண்டாம் வீட்டில் ஹவெவர், தேர்ஃபோர், மோர்ஓவர், நெவர்தெலெஸ், அதர்வைஸ், இன்ஸ்டெட் போன்றவை. இவை இணைப்புச் சொற்கள் போலத் தோன்றும். இணைக்கும் வலு இவற்றுக்கு இல்லை. பொருளுக்கு ஒரு சாயம் ஏற்றுவதோடு இவற்றின் வேலை முடிந்தது. எனவே முன்னால் அரைப்புள்ளி, பின்னால் பெரும்பாலும் காற்புள்ளி. "வி வென்ட் டு தி ஷாப்; ஹவெவர், இட் வாஸ் குளோஸ்ட்."

ஒரு சொல் எந்த வீடு என்று தெரியாவிட்டால் அதை நகர்த்திப் பாருங்கள். "இட், ஹவெவர், வாஸ் குளோஸ்ட்" என்று நடுவில் வைக்கலாம், "இட் வாஸ் குளோஸ்ட், ஹவெவர்" என்று கடைசியிலும் வைக்கலாம். "பட்" அப்படி நகராது. நகரும் சொல் இரண்டாம் வீடு.

இந்த விதியைக் கற்ற வேகத்தில் இன்னொரு பிழை முளைப்பதையும் பார்க்கிறேன். "தி ஷாப்; ஹவெவர், வாஸ் குளோஸ்ட்" என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே இருப்பது ஒரே வாக்கியம். "தி ஷாப்" என்பது தனியே நிற்காது. இரு பக்கமும் காற்புள்ளி போட்டால் போதும். முற்றுப்புள்ளிச் சோதனையைச் செய்திருந்தால் இது உடனே பிடிபட்டிருக்கும்.

அறிகுறி: "பிகாஸ்" முன்னால் அரைப்புள்ளி

"ஹீ வாஸ் ஆப்சென்ட்; பிகாஸ் ஹீ ஹாட் ஃபீவர்."

இது மூன்றாம் வீடு. "அவன் வரவில்லை. ஏனெனில் அவனுக்குக் காய்ச்சல்" என்பது தமிழில் ஒழுங்கான இரண்டு வாக்கியங்கள். அந்த ஒழுங்கை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் இந்தக் குறி நடுவில் வந்து விழுகிறது. "பிகாஸ்" தன்னோடு வரும் வாக்கியத்தைச் சார்பு வாக்கியமாக்கிவிடும். "பிகாஸ் ஹீ ஹாட் ஃபீவர்" என்று மட்டும் சொன்னால் கேட்பவர் மீதிக்குக் காத்திருப்பார். அரைப்புள்ளியை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அங்கே எந்தக் குறியும் வேண்டாம்: "ஹீ வாஸ் ஆப்சென்ட் பிகாஸ் ஹீ ஹாட் ஃபீவர்."

ஆல்தோ, வென், இஃப், சின்ஸ், வைல் எல்லாம் இதே வீடுதான்.

அறிகுறி: ஒரு பக்கம் அந்தரத்தில் தொங்குகிறது

"ஆஃப்டர் ஃபினிஷிங் தி அக்கவுன்ட்ஸ்; ஹீ வென்ட் ஹோம்." முன்பாதியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "கணக்கை முடித்துவிட்டு". எச்சம். அங்கே முற்றுப்புள்ளி வைக்க நமக்கு மனம் வராது அல்லவா? அரைப்புள்ளிக்கும் அதே தடை. காற்புள்ளி போடுங்கள். தமிழில் எச்சமாக வருவதை ஆங்கிலத்தில் எழுதும்போதெல்லாம் இந்தச் சந்தேகம் எழட்டும்.

வலப்பக்கத்தில் வினை இல்லாமலே சரியாக இருக்கும் ஓர் இடம் உண்டு. "சம் வென்ட் பை பஸ்; அதர்ஸ், பை ட்ரெயின்." "வென்ட்" என்னும் வினை முன்பாதியிலிருந்து வந்து சேர்ந்துகொள்கிறது. சொல் மறைந்திருக்கிறது, வாக்கியம் முழுமையாகவே இருக்கிறது.

அறிகுறி: பட்டியலில் எத்தனை உருப்படி என்று எண்ண முடியவில்லை

"வி ஹாவ் ஆபீசஸ் இன் சேலம், தமிழ்நாடு, கொச்சி, கேரளா, அண்ட் மைசூரு, கர்நாடகா."

ஊரும் மாநிலமும் தெரிந்தவருக்கு மூன்று அலுவலகங்கள். தெரியாத வெளிநாட்டவருக்கு ஆறு. உருப்படிக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால், உருப்படிகளைப் பிரிக்க அதைவிட வலுவான குறி வேண்டும். "சேலம், தமிழ்நாடு; கொச்சி, கேரளா; அண்ட் மைசூரு, கர்நாடகா." இங்கே முழு வாக்கியச் சோதனை பொருந்தாது. அரைப்புள்ளி இங்கே வெறும் வரப்பு.

இதற்கு நான் காட்டும் சிறந்த எடுத்துக்காட்டு 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட இந்திய அரசியலமைப்பின் முகப்புரை. ஆங்கில மூலத்தை எடுத்துப் பாருங்கள்: "ஜஸ்டிஸ், சோஷியல், எகனாமிக் அண்ட் பொலிட்டிகல்; லிபர்ட்டி ஆஃப் தாட், எக்ஸ்பிரஷன், பிலீஃப், ஃபெய்த் அண்ட் வர்ஷிப்; ஈக்வாலிட்டி ஆஃப் ஸ்டேட்டஸ் அண்ட் ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி". அரைப்புள்ளிகளை எடுத்துவிட்டுக் காற்புள்ளி போட்டால் நீதி, சமூகம், பொருளாதாரம், சுதந்திரம், சிந்தனை, நம்பிக்கை எல்லாம் ஒரே வரிசையில் சரிந்துவிடும். நீதிக்குள் மூன்று வகை, சுதந்திரத்துக்குள் ஐந்து வகை என்னும் அடுக்கையே அந்தக் குறிதான் தாங்கி நிற்கிறது.

சட்டத்தில் இது பண விவகாரமாகவும் ஆகியிருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மிகைநேர ஊதியம் தர வேண்டாத வேலைகளைச் சட்டம் பட்டியலிட்டிருந்தது: உணவுப் பொருளை டப்பாவில் அடைத்தல், பதப்படுத்தல், உறையவைத்தல் என்று போய், "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்" என்று முடிந்தது. "ஆர்" முன்னால் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனி வேலையா, அல்லது அனுப்பவோ விநியோகிக்கவோ சிப்பம் கட்டுவது என்னும் ஒரே வேலையா? ஓக்ஹர்ஸ்ட் டெய்ரியின் லாரி ஓட்டுநர்கள் பாலை விநியோகித்தார்கள், சிப்பம் கட்டவில்லை. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாசகம் ஐயத்துக்கு இடமளிக்கிறது என்று ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்குள் மாநிலச் சட்டமன்றம் அந்த வரியைத் திருத்தியிருந்தது. ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் அரைப்புள்ளி, கடைசியில் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட்; ஆர் டிஸ்ட்ரிப்யூட்டிங்". விடுபட்டது காற்புள்ளி, ஓட்டையை அடைக்க அவர்கள் நம்பியது அரைப்புள்ளியை.

உருப்படிக்குள் காற்புள்ளி இல்லாத எளிய பட்டியலுக்கு அரைப்புள்ளி தேவையில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய்க்குக் காற்புள்ளி போதும்.

அறிகுறி: பட்டியலைத் தொடங்கும் இடத்தில் அரைப்புள்ளி

"வி நீட் திரீ திங்ஸ்; ரைஸ், டால் அண்ட் ஆயில்." இதில் பாதிப் பேருக்குக் காரணம் விசைப்பலகைதான். எல் எழுத்துக்கு அடுத்த அதே விசையில் ஷிஃப்ட் சேர்த்து அழுத்தினால் முக்காற்புள்ளி, விட்டால் அரைப்புள்ளி. விரல் தவறியிருக்கும். மற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றெனத் தோன்றியிருக்கும்.

முக்காற்புள்ளி கைநீட்டி முன்னால் காட்டும்: இதோ வருகிறது, பார். இடப்பக்கம் முழு வாக்கியமானால் போதும். வலப்பக்கம் ஒரே சொல்லாகவும் இருக்கலாம். அரைப்புள்ளி எதையும் காட்டுவதில்லை, இரண்டைச் சமமாக நிறுத்தும். "ஹீ ஹாட் ஒன் ஃபியர்: தி ரிவர் வுட் ரைஸ்." என்ன அச்சம் என்ற கேள்விக்குப் பின்பாதி விடை. அதனால் முக்காற்புள்ளி. "தி ரிவர் வாஸ் ரைசிங்; தி ரோட் வாஸ் குளோஸ்ட்." இரண்டும் அருகருகே நிற்கும் இரண்டு உண்மைகள். அதனால் அரைப்புள்ளி.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனாலும் ஒட்டவில்லை

"ஐ ஆம் ஃப்ரம் சேலம்; ஐ லைக் கிரிக்கெட்." சோதனையில் தேறிவிடும். ஆனால் சேலத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன தொடர்பு? படிப்பவர் இல்லாத உறவைத் தேடிக் களைப்பார். உறவு இல்லாவிட்டால் முற்றுப்புள்ளி வையுங்கள். உறவு இருந்தும் உடனே விளங்காவிட்டால் அதைச் சொல்லும் சொல்லைப் போடுங்கள்.

ஒரு பத்தியில் மூன்று நான்கு அரைப்புள்ளிகள் வந்தால் நான் இரண்டை முற்றுப்புள்ளியாக்கிவிட்டுப் படித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் பத்தி தெளிந்துவிடும். மின்னஞ்சலிலும் அறிவிப்பிலும் முற்றுப்புள்ளியே நல்ல துணை. கட்டுரையிலும் வாதத்திலும் அரைப்புள்ளிக்கு மதிப்பு அதிகம்.

சில்லறைக் குறைகள்

அரைப்புள்ளிக்குப் பிறகு பெரிய எழுத்து வேண்டாம், இயற்பெயரும் "ஐ" என்ற சொல்லும் தவிர. குறிக்கு முன்னால் இடைவெளி விடாதீர்கள். அது பிரெஞ்சு அச்சு வழக்கம். மேற்கோள் முடியும் இடத்தில் வந்தால் மேற்கோள் குறிக்கு வெளியே நிற்கும். இதில் அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் ஒரே பக்கம். "டியர் சார்" என்பதற்குப் பின் பிரிட்டிஷ் வழக்கில் காற்புள்ளி, அமெரிக்க அலுவல் கடிதத்தில் முக்காற்புள்ளி. அரைப்புள்ளி இரண்டிலும் இல்லை.

மீண்டும் அந்தக் கடிதம்

"ஃப்ரம் மதுரை" முழு வாக்கியமல்ல. முன்னால் உள்ள குறி போக வேண்டும். "சின்ஸ் 2019" அதே கதை. "பிகாஸ்" மூன்றாம் வீடு. ஆக, பிழையான மூன்றும் இவை. மதுரைக்கும் 2019-க்கும் பின்னால் நின்றவை தற்செயலாகச் சரியானவை. "டாலி" பின்னாலும் "ரிட்டர்ன்ஸ்" பின்னாலும் காற்புள்ளி தாங்காது. அந்த "ஹவெவர்" எனக்கு முதலிலிருந்தே உறுத்தியது. கணக்கு தெரிவதற்கும் தணிக்கை கற்க விரும்புவதற்கும் முரண் எதுவும் இல்லையே. அதை எடுத்துவிட்டு எழுதியவரிடம் காட்டினேன், அவரும் ஒப்புக்கொண்டார். கடைசியில் போனது இது:

"ஐ கம்ப்ளீட்டட் மை பி.காம். இன் மதுரை அண்ட் ஹாவ் பீன் ஒர்க்கிங் ஆஸ் அன் அக்கவுன்டன்ட் சின்ஸ் 2019. ஐ நோ டாலி, அண்ட் ஐ கேன் ஃபைல் ஜிஎஸ்டி ரிட்டர்ன்ஸ்; நௌ ஐ வான்ட் டு லேர்ன் ஆடிட்டிங் பிகாஸ் மை கோல் இஸ் டு பிகம் அன் ஆடிட்டர்."

ஐந்தில் ஒன்றுகூடப் பழைய இடத்தில் மிஞ்சவில்லை. புதிதாக வந்த ஒன்றின் இடப்பக்கம் அவருக்குத் தெரிந்த வேலை, வலப்பக்கம் அவர் தேடிப் போகும் வேலை.